பாசி பிடித்த எரிமலை

மச்சான்,

ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்தால் இன்னும் பாசி வாசம்தான் அடிக்கிறது. உள்ளே ஒரு கம்பி பிரஷ் கிடக்கிறது. பாதிக் கம்பி உதிர்ந்துபோச்சு. மீதியில் பச்சை காய்ந்து ஒட்டியிருக்கிறது. எறிந்துவிடலாம் என்று எடுப்பேன், திரும்ப உள்ளேயே வைத்துவிடுவேன். தென்காசி வட்டாரத்தில் கோயில் கொடைக்கெல்லாம் பந்தல் போட்டு, தகரத்திலும் தெர்மாகோலிலும் கைலாயத்தையே இறக்கி நிறுத்தியவன் நான். சிவபெருமானே வந்து பார்த்து, எந்த வீட்டுக்குத் திரும்புவது என்று குழம்பி நின்றதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவனும் நான்தான். அப்பேர்ப்பட்டவனால் ஒரு பிரஷை எறிய முடியவில்லை, பார்த்துக்கொள்.

ஐந்தருவி போகிற வழியில் லாட்ஜ் வைத்திருக்கும் அண்ணாச்சி, தன் காலி இடத்தில் சீசன் கூட்டம் நின்று பார்க்கிற மாதிரி ஏதாவது செய்யச் சொன்னபோது, வாய் கூசாமல் 'எரிமலை' என்றேன். பேரருவியே வெட்கப்பட்டு மேலே ஏறிப்போகிற உயரம். உச்சியில் புகை, இடுப்பில் நெருப்பு, காலடியில் பஜ்ஜிக்கடை. நீ அப்போதுதான் சவூதியை மொத்தமாக முடித்துக்கொண்டு வந்திருந்தாய். என் பந்தல் பலகைமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுச் சிரித்தாய். அப்புறம் கேட்டாய்.

"எரிமலையப் பாத்திருக்கியாலே நீ?"

"டிவியில பாத்தேன்."

"நான் அதுக்குள்ளயே கிடந்திருக்கேன்."

எந்தக் காலத்திலோ எரிமலை கக்கி ஆறிப்போன கல்லாம். கண் போகிற தூரம் வரை கருப்பாம். அதன் நடுவில் தகரக் கொட்டகை, ஓட்டுவதற்கு உனக்கு ஒரு தண்ணி லாரி. அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நீ இதைச் சொன்னதில்லை. சாக்பீஸை எடுத்துப் பலகையில் வரைந்தாய். மலையைக் காணோம், ஒரு பள்ளம்தான் இருந்தது. வளைந்து வளைந்து இறங்குகிற பாதை, இரண்டு பக்கமும் தலைக்கு மேலே கரடுமுரடான கருஞ்சுவர், நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம்.

"அங்கன நின்னா கல்லும் வானமும் மட்டுந்தான் தெரியணும். குத்தால மலை தெரியக் கூடாது."

"குத்தாலத்துக்கு வாரவன்கிட்ட மலையை மறைச்சுக் காட்டப் போறியா? அடிப்பான்லே!"

"அடிக்கட்டும். என் வீட்டுக்காரி ஒரு நாள் அங்கன வந்து நிக்கணும். நான் எங்கன இருந்தேன்னு அவளுக்குத் தெரியணும்லா."

சாக்பீஸை வாங்கி, உன் பள்ளத்தின் ஓரத்தில் அடிக்கணக்கு எழுத ஆரம்பித்தேன்.

கல்லுக்கு எங்கே போவது? பாவூர்சத்திரம் பக்கத்துச் செங்கல் சூளையில், தீ மிஞ்சிப்போய் உருகி, ஒன்றோடொன்று ஒட்டி, கருத்துக் கட்டியாகிப்போன செங்கல்லைக் குப்பையாகக் குவித்திருந்தார்கள். நீ ஒரு கட்டியைத் தூக்கி மோந்துகூடப் பார்த்தாய். "இதேதாம்லே" என்றாய்.

பிறகு இரண்டு மேதைகளும் சேர்ந்து செய்த காரியத்தைச் சொன்னால் மாடு சிரிக்கும். கருப்பு வெளுக்குமா என்று பார்ப்பதற்கு மாதிரிச் சுவர் ஒன்று கட்டினோமே, எங்கே? திருவேங்கடத்தில், என் அண்ணனுடைய கரிசல் காட்டில்! சாரலில் பிறந்து, சாரலில் மூக்கொழுக வளர்ந்த இரண்டு பேர், மழை வழிதவறிக்கூட எட்டிப்பார்க்காத ஊரில் போய்ச் சோதனை பண்ணினோம். ஒரு வருஷம் நின்றது அது. மேலே காக்கா உட்கார்ந்தால் காக்கா தெரியாது, அத்தனை கருப்பு. நம்மை நாமே கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

அப்புறம் அண்ணாச்சி இடத்தில் பள்ளம் தோண்டிச் சுவர் எழுப்பினோம். சித்திரை வெயிலில் கடைசிக் கல்லை நீதான் வைத்தாய். கையைத் தட்டிவிட்டு, "சர்பத் குடிப்போம்லே" என்றாய். மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு நீ எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டாக்டர். இதில் பெருக்கிச் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை, மச்சான்.

உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, புருஷனை இழந்தவள் நாலு மாசம் பத்து நாள் இருக்கிற இத்தா இருந்தாள். அது முடிகிறவரை வீட்டைவிட்டு வரமாட்டாள். முடிந்ததும் முதலில் அங்கேதான் வருவேன் என்று உன் மகள் நஸ்ரினிடம் சொல்லியனுப்பினாள். ஆனியில் சாரல் இறங்கியது. ஒரே வாரத்தில் உன் பாலைவனம் பச்சை கட்டிவிட்டது.

பிரஷை வாங்கினேன். ஆனி, ஆடி, ஆவணி முழுக்கத் தேய்த்தேன். நான் தேய்த்த தேய்ப்பில் மேற்கு மலையே ஒரு சாண் தேய்ந்து, கேரளாக்காரன் இந்தப் பக்கம் எட்டிப்பார்த்திருப்பான். பிளீச்சிங் பவுடர் போட்டேன். பாசி அதைச் சோறு மாதிரித் தின்றது. அண்ணாச்சி குடையோடு வந்து நின்றார்.

"என்னவே, எரிமலைன்னீரு, ஒரு பொட்டு நெருப்பக் காணும்?"

"இது ஆறிப்போன எரிமலை, அண்ணாச்சி."

"ஆறிப்போன பஜ்ஜியவே எவனும் வாங்க மாட்டான்வே! யானையக்கூட இந்தத் தேய்ப்புத் தேய்க்க மாட்டானுவ. செவப்பு லைட்டு ரெண்டு போட்டுட்டு வீட்டுக்குப் போவும்."

நான் லைட் போடவில்லை. பந்தல்காரன் வாழ்க்கையில் முதல் தடவையாக லைட் வேண்டாம் என்றேன்.

அவள் வந்த அன்றும் தூறல். விடியலிலிருந்து தேய்த்தும் உள்பக்கம்தான் கருப்பாயிற்று. வெளிச்சுவர் பச்சையாகவே நின்றது. நஸ்ரின் குடை பிடித்தாள். தங்கச்சி குடையை விலக்கிவிட்டுத் தனியாக இறங்கிப்போய் நடுவில் நின்றாள். கல்லைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள்.

"இதுதானா அண்ணே?"

"இதான் தங்கச்சி. இதப்போல நூறு ஊரு அகலத்துக்கு."

"ஒரு செடிகூடவா இல்ல?"

"இல்லன்னுதான் சொன்னான்."



"எங்கிட்ட அவுக, ஜன்னலத் தொறந்தா பேரீச்சந்தோப்புன்னாக. போன் பண்ணும்போதெல்லாம், 'இப்பம் காத்துல ஓலை ஆடுது'ம்பாக."

மச்சான், புளுகுக்கு இந்தச் சீமையில் நான்தான் சக்கரவர்த்தி என்று கிரீடம் வைத்துத் திரிந்தேன். என் புளுகை இன்றுவரை ஒரு குருவிகூட நம்பியதில்லை. நீ ஒன்றே ஒன்று சொன்னாய். அதை நம்பி ஒருத்தி இங்கே நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். கிரீடத்தை அங்கேயே கழற்றிவிட்டேன்.

மேலே ஏறி வந்தவள் வெளிச்சுவரின் பாசியில் உள்ளங்கையை வைத்தாள். "இனிமே தேய்க்காதீக அண்ணே. கிடக்கட்டும்."

"உம்மா, இது கருப்பா இருக்கணும்னுதான வாப்பா சொன்னாங்க?" என்றாள் நஸ்ரின்.

"உன் வாப்பா எங்கிட்ட பச்சைன்னுதாம்மா சொன்னாக."

அன்றோடு தேய்ப்பதை நிறுத்தினேன். ஆனால் எனக்கு ஆறவில்லை. வாயால் சொல்லத் துணியாத உண்மையைத்தானே நீ செங்கல்லில் சொல்லப் பார்த்தாய்? அதன்மேல் பாசி ஏறுவதைக் கைகட்டிப் பார்க்கிற நான் யார் சொல்லைக் கேட்கிறேன், உன்னுடையதையா, அவளுடையதையா? நீ இருந்தால், "போலே கிறுக்கா" என்று ஒரு வார்த்தையில் தீர்த்திருப்பாய்.

நேற்றும் போனேன். நீ வைத்த கடைசிக் கல்லும் பச்சையாகிவிட்டது. பிரஷை எடுத்துக்கொண்டு இறங்கி, நடுவில் நின்றேன். மேலே சுவர் விளிம்பில் புதுசாக ஒரு பெரணிச் செடி முளைத்திருந்தது, என் சுண்டுவிரல் நீளம்கூட வராது. காற்று வந்தது.

"ஓலை ஆடுதுலே மச்சான்" என்றேன் சத்தமாக.

பிரஷைத் தேய்க்காமலே கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன்.