அடி தைத்த வலை

நாகலூர், ஏற்காடு மலை
18-1-1939

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் சௌந்தரவல்லியின் வணக்கம். இழுப்பு குறைந்ததா? அம்மா கஷாயம் மறக்காமல் தருகிறாளா? எனக்கு இங்கே குளிரைத் தவிர ஒரு குறையும் இல்லை.

எஸ்டேட் பெண்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்து என் தொண்டைதான் போயிற்று! போன சனிக்கிழமை சேலத்துப் பெண்களோடு பந்தயம் நடந்தது. இதுவரை வெறும் வளையத்தில்தான் பழகினார்கள். பந்தயத்துக்கென்று அன்று காலையில்தான் வலை கட்டினேன். முதல் எறியிலேயே எங்கள் பாவாயி, வெறுங்காலோடு, பாதி மைதானத்திலிருந்து பந்தை உள்ளே போட்டாள். மூன்று வருஷம் பழகியும் எனக்கு வராத எறி. ஆனால் பந்து கீழே வரவே இல்லை. வலையின் அடியைச் சணலால் தைத்து வைத்திருக்கிறாள்!

“அடியில்லாத கூடைல போட்டா அத்தனையும் கொட்டிப் போயிருமுங்க டீச்சர். மேஸ்திரி வைவாருங்க. அதான் தச்சுப் போட்டனுங்க.”

காப்பிப் பழம் சிந்தித் திட்டு வாங்கியே வளர்ந்தவளை என்ன செய்ய? சேலத்துக்காரிகள் சிரித்த சிரிப்பில் எனக்கு மானமே போயிற்று. நானே ஏணியில் ஏறிப் பந்தை எடுத்தேன். இறங்கும்போது முழங்கால் லேசாகப் பிசகியது. மெட்ராஸில் ஆடும்போது அடிபட்ட அதே கால்தான், பயப்படாதீர்கள். ஆட்டத்தில் இரண்டு புள்ளியில் தோற்றோம்.

தபால்காரர் வாசலில் அவசரப்படுத்துகிறார். கொஞ்சம் தைலமும் நார்த்தங்காய் ஊறுகாயும் அனுப்புங்கள். பெட்டியிலிருக்கும் என் கேன்வாஸ் ஷூவையும் அனுப்புங்கள். மறுபடி எப்போது ஆடப்போகிறாய் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறீர்களே, அதற்காக இல்லை அப்பா. அது இனி நடக்காது. பாவாயிக்கு என் கால் அளவுதான்.

சௌந்தரம்