புல்வெட்டியின் பின்னால் தொங்கிய பை

அக்கா,

இன்று காலை மெஷின் நிறுத்தும் ஸ்டோரைத் திறந்ததும் அந்தப் புளித்த வாடை முகத்தில் அடித்தது. நேற்று வெட்டிய ஈரப்புல்லை முழுவதும் தட்டாமல் யாரோ பையை அப்படியே மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே கைவிட்டுப் பார்த்தேன், சோற்றுப் பானை மாதிரிச் சூடு. "பையைக் கழுவத் தெரியாதவனெல்லாம் எதுக்குடா மெஷின்ல ஏறி உட்காரணும்?" என்று கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது, அது என் பேச்சு இல்லை, உங்கள் பேச்சு. நீங்கள் கண்மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. திட்டுவதற்கு இன்னும் உங்களிடமிருந்துதான் வார்த்தை எடுக்கிறேன்.

நாம் அறிமுகமானதே சண்டையில்தானே. எண்பதுகளின் நடுவில், பாயான் லெப்பாஸில் அந்த எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை. தோளில் மெஷினை மாட்டிக்கொண்டு ரோட்டோரம் புல் வெட்டிக்கொண்டிருந்த நான், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி ஒன்றைப் பழையதாக வாங்கி, என் பெயரில் பிடித்த முதல் காண்டிராக்ட் அது. மெஷின் நன்றாக வெட்டியது. வெட்டிய புல்லைப் பக்கவாட்டில் நடைபாதை முழுக்க வாரி இறைத்தது. பஸ்ஸை விட்டு இறங்கி வரும் பெண்களின் சப்பாத்தில் ஈரப்புல் ஒட்டிக்கொண்டு, அவர்கள் சப்பாத்து மாற்றும் அறைவரை போனது. தூசியே ஆகாத தொழிற்சாலையில் புல். அங்கே துப்புரவுக்கு நான்கு பெண்கள், அவர்களுக்குத் தலைவி நீங்கள். வெளியே கிடக்கும் புல் என் கணக்கு, வாசலைத் தாண்டிய புல் உங்கள் கணக்கு. இன்னொரு தடவை உள்ளே புல்லைக் கண்டால் உங்கள் ஆட்களையே மாற்றிவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார். என்னை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நீங்கள் துடைப்பத்தோடு வந்து மெஷினுக்கு முன்னால் நின்றீர்கள்.

"இறங்கு தம்பி. என் வாசலை வந்து பாரு. தைப்பூசத்தன்னிக்குத் தேங்கா உடைச்ச ரோடு மாதிரி இருக்கு."

"புல்லுன்னா பறக்கத்தான் செய்யும் அக்கா."

"பறக்கும்லா. அதுக்குப் பின்னாடி நாங்களும் பறக்கணுமா? ஒரு பையைக் கட்டித் தொலையேன்."

அந்தச் சனிக்கிழமையே இருவரும் டவுனுக்குப் போனோம். கடை முதலாளியான சீனத் தவுக்கே மூன்று வகை வைத்திருந்தார். மெஷினுக்குப் பின்னால் இழுத்துப்போகும் பெட்டி ஒன்று. அதில் சுழலும் பிரஷ் புல்லைக் கூட்டி உள்ளே தள்ளும். இருந்ததிலேயே பெரியது அதுதான். பெரியதை வாங்கினால் அடிக்கடி நிறுத்த வேண்டாம் என்பது என் கணக்கு. நீங்கள் குனிந்து அந்தப் பிரஷை விரலால் தடவினீர்கள். "காஞ்ச புல்லை இது கூட்டும். தரையில அப்பின ஈரப்புல்லை எது கூட்டும்? நானே சுரண்டித்தான் எடுக்கறேன்." அடுத்தது கெட்டி பிளாஸ்டிக் பெட்டி. கழுவ எளிது. ஆனால் ஈரப்புல் நிறைந்தால் தூக்க முடியாத கனம், மேட்டில் ஏறும்போது மெஷினின் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். மூன்றாவது, இரட்டை வலைத்துணிப் பை. மெஷினின் கத்தி சுழன்று கிளப்பும் காற்றுதான் புல்லைக் குழாய் வழியாகத் தள்ளுகிறது. அந்தக் காற்று வெளியே போக வழி இருந்தால்தான் புல் உள்ளே வரும். வலையில் அந்த வழி இருந்தது. நீங்கள் பையைக் கவிழ்த்து, தையலை இழுத்து, மூலையில் புல் தங்குமா என்று கைவிட்டுத் துழாவினீர்கள். கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்தவர் மாதிரி நின்றீர்கள். தவுக்கே பொறுமை இழந்துபோனார். அந்தச் சமயம் பார்த்து, ஒன்று காயும்போது இன்னொன்று மாட்ட வேண்டும் என்று கூடுதலாக ஒரு ஜோடிப் பையையும் விலையைக் குறைத்துப் பேசி வாங்கிவிட்டேன். வெளியே வந்ததும், "நீ பொழச்சுக்குவ" என்றீர்கள்.

முதல் நாள் மானம் போனது. விடிந்ததும் பனியோடு வெட்டினேன். ஒரு சுற்று முடியுமுன் குழாய் அடைத்துக்கொண்டது, பை காலி, புல் முழுக்க மறுபடி நடைபாதையில். ஆத்திரத்தில் குழாய்க்குள் கையை நீட்டினேன். வாசலிலிருந்து நீங்கள் போட்ட சத்தத்தில் காவலுக்கு நின்ற ஜாகாவே ஓடிவந்தார். "எஞ்சினை நிறுத்துடா! சாவியை எடு! அப்புறம் கையை விடு!" அதுவரை தம்பியாக இருந்த நான் அன்றுதான் 'டா' ஆனேன்.

விடவில்லை. பனி காய்ந்த பிறகு தொடங்கினேன். கத்தியை ஒரு படி உயர்த்தி, மெஷினை மெதுவாக விட்டு, போன தடத்தில் பாதி மேலே ஏறுகிற மாதிரி ஓட்டினேன். எஞ்சின் சத்தம் கனத்தால் பை நிறைந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் ஓர் அடி ஆசைப்பட்டாலும் அடைக்கும். சாயங்காலம் பையைத் திருப்பிப் போட்டுக் குழாயடியில் கழுவினேன், ஈரம் தங்கிய வலையில் காற்றுப் போகாது. இரண்டு வாரத்தில் உங்கள் வாசலில் தேடினாலும் புல் கிடைக்காது. மேலாளர் நின்று பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

மாதம் முடியவில்லை, நீங்கள் மெஷினை நோக்கி மறுபடி வந்தீர்கள். கையில் துடைப்பம் இல்லை.

"புல்லு வர்றதில்லைல்ல, நாலு பேரு எதுக்குன்னு மேனேஜர் கேக்கறான். ரெண்டு பேரை நிறுத்தணுமாம். யாருன்னு நானே சொல்லணுமாம்."

நான் எஞ்சினை நிறுத்தினேன். உங்கள் வேலையைக் காப்பாற்ற வாங்கிய பை அது.

"மூஞ்சியைத் தொங்கப் போடாதே. நான் அழ வரல, வேலை பேச வந்தேன். பை நெறைஞ்சா நீ என்ன பண்றே? இறங்கறே, கழட்டறே, லாரி வரைக்கும் இழுத்துட்டுப் போறே, கொட்டறே, திரும்ப மாட்டறே. அந்த நேரமெல்லாம் மெஷின் சும்மா நிக்குது. மத்தியானம் மழை வந்துடுது, மிச்சத்தை மறுநாள் வந்து வெட்டறே. அந்த ரெண்டு பேரு, சரசுவும் முனியம்மாவும், காலிப் பையோட ஓரத்துல நிக்கட்டும். நீ இறங்கவே வேணாம்."

"அக்கா, சம்பளம்..."

"தர்மம் பண்ணச் சொல்லல. ஒரு வாரம் ஓட்டிப் பாரு. ஒத்து வரலேன்னா அனுப்பிடு, நான் கேட்க மாட்டேன்."

ஓட்டிப் பார்த்தேன். மழைக்கு முன்னால் அந்த வளாகம் முழுவதும் முடிந்தது. அடுத்த மாதம் பக்கத்துத் தொழிற்சாலையையும் பிடித்தேன். வெளிப்படையாகச் சொல்கிறேன், அந்த இரண்டு பெண்களை வைத்துத்தான் நான் முதலாளி ஆனேன். தொழிலில் என்னோடு ஓடியவர்கள் மெஷினுக்கு ஓர் ஆள் போதும் என்று சிரித்தார்கள். அவர்கள் மழைக்கு ஒதுங்கி நின்ற நேரத்தில் நான் பில் எழுதிக்கொண்டிருந்தேன்.

இப்போது புது மெஷின்கள் வருகின்றன அக்கா. உட்கார்ந்த இடத்திலிருந்து பிடியை இழுத்தால் பை தானே கவிழ்ந்து லாரியில் கொட்டுகிறது. விற்பவன் சொன்னான், "இனி அந்த ரெண்டு அம்மா எதுக்கு அண்ணே?" மெஷின் நல்ல மெஷின், பொய் சொல்ல மாட்டேன். வாங்காமல் இருந்தால் மற்ற காண்டிராக்டர்கள் என்னைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் வாங்கத்தான் போகிறேன்.

ஆனால் அவனிடம் முன்பணத்தை நீட்டவில்லை. முதலில் பாயான் பாருவுக்குப் போனேன். அங்கே ஓர் அடுக்குமாடியில் பூச்செடி, கால்வாய், புல்தரை எல்லாம் சேர்த்து ஒரே காண்டிராக்டாகக் கேட்டு மூன்று தடவை நடந்தேன். மூன்றாவது தடவை கையெழுத்து வாங்கினேன். பிறகுதான் மெஷினுக்குச் சொன்னேன்.

மெஷின் அடுத்த மாதம் வருகிறது. சரசுவும் முனியம்மாவும் திங்கட்கிழமையே பாயான் பாருவில் வேலைக்குப் போகிறார்கள்.