வார்டர் வேஷம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

பல்கலைக்கழகத்தில் தூக்குத் தண்டனை பற்றி நாடகம் போடுகிறோம். எனக்கு ஜெயில் வார்டர் வேஷம். உங்கள் உத்தியோகம்தான், சிரிக்காதீர்கள். தூக்கு நாளன்று விடியற்காலையில் கைதியை எழுப்ப வேண்டும். ஒத்திகையில் அதட்டினேன்.

"அவனை அதட்டி எழுப்ப யாருக்குப்பா மனசு வரும்?" என்றார் இயக்குநர்.

மறுபடி நடித்தபோது, "எந்திரிப்பா, நேரமாச்சு" என்று தானாக என் வாயில் வந்தது. பள்ளிக்கு நீங்கள் என்னை எழுப்பிய அதே குரல். அதற்குமேல் வசனம் வரவில்லை.

நான் ஏழாவது படிக்கும்போது உங்கள் ஜெயிலில் ஒருவரைத் தூக்கிலிட்டார்கள். அன்று விடியற்காலை டியூட்டி உங்களுக்கு. மறுநாளிலிருந்து என்னை எழுப்ப அம்மாதான் வந்தார். உங்களுக்கு என்மேல் கோபமென்று நினைத்து அழுதேன். இப்போதுதான் புரிகிறது, அப்பா.

என் கம்பளித் தொப்பியை அனுப்புங்கள். முடிந்தால் ஒருநாள் காலையில் போன் போட்டு நீங்களே எழுப்பிவிடுங்கள். ஒத்திகைக்குக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகன்