சாம்பல் தூவிய பொன்னாங்காணி

என் செல்லத் தம்பிக்கு, கடைசிவரை சொல்வழி கேளாதவனுக்கு,

நீ போய் ஒரு வருடம், நேற்று உன் ஆட்டைத் திவசம். படையலில் பொன்னாங்காணி இல்லை. உனக்குப் பிடித்த கறி இல்லாமல் இலை போட வைக்கிறேன் என்று உன் மகள் என்னை நிற்கவைத்து ஏசினாள். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நான் உன்னை ஏச வேண்டும். ஒரு வருடமாக அழுததில் அதற்கு நேரமே கிடைக்கவில்லை.

முகத்துவாரத்தில் உன் வீட்டு மதிலுக்கு அப்பால் பழைய பற்றரிகளை உடைத்து ஈயம் உருக்கிய பட்டறை இருந்ததே, அதன் முதலாளி உனக்குச் சாக்குச் சாக்காய்ச் சாம்பல் தந்தான். பூச்சி அண்டாமல் இருக்க அம்மா கீரைக்கு அடுப்புச் சாம்பல் தூவுவாள். நீயும் அப்படியே தூவினாய். விறகுச் சாம்பலும் ஈயச் சாம்பலும் உனக்கு ஒன்றாடா? சும்மா கிடைத்தால் எதையும் வாங்கிக்கொள்வாயா?

பட்டறையை மூடிய பிறகு மண்ணைப் பரிசோதித்தவர்கள் வந்து உன் முகத்துக்கு நேரே சொன்னார்கள். மண் முழுக்க ஈயம், இந்தக் கீரையைச் சாப்பிடாதீர்கள், சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கவே வேண்டாம் என்று. அவர்கள் போனதும் நீ சிரித்தாய்.

"வடிவாக் கழுவினாச் சரி அக்கா. இவ்வளவு நாளும் சாப்பிட்டனாங்கள், எங்களுக்கு என்ன வந்தது?"

இலைக்குள் ஏறியதை எந்தத் தண்ணீரில் கழுவுவாய்? பிறகு நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்தாய். இப்போது அதையே உன் ஆட்கள் சாட்சியாக்கி வைத்திருக்கிறார்கள். "ஈயத்தால ஒண்டும் நடக்கேல்லை, அவர் ஹார்ட் அட்டாக்கிலதானே போனவர்." செத்தும் வாதத்தில் வென்றுவிட்டாய்.

அந்த முதலாளி உன் செத்த வீட்டுக்கு மலர் வளையத்தோடு வந்தான். அவன் மனைவி மரக்கறி வாங்குவது வெள்ளவத்தை சூப்பர்மார்க்கெட்டில். கண்ணால் கண்டிருக்கிறேன். அவனுக்கு நான் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

உனக்குத் தெரியாத செய்தி ஒன்று. உன் மகள் முழுகாமல் இருக்கிறாள். அப்பா நட்டது என்று நாள் தவறாமல் அந்தக் கீரையைத்தான் கடைந்து சாப்பிட்டாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, உன் பிள்ளையல்லவா? திவசத்துக்கும் அதையே ஆய இருந்தாள். நான் கொட்டாஞ்சேனையிலிருந்து விடியவே பஸ் ஏறிப் போய், அவள் சுளகோடு வெளியே வருவதற்குள் ஒரு வேர் மிஞ்சாமல் பிடுங்கிக் குப்பைப் பையில் கட்டிவிட்டேன்.

"மாமி, அப்பான்ர மிச்சமா எனக்கு இருந்தது அது மட்டும்தான்! உங்களுக்கு நெஞ்சில ஈரமில்லையா?"

"அப்பான்ர மிச்சம் உன்ர வயித்துக்குள்ள கிடக்குதடி. அதுக்கும் நஞ்சூட்டப் போறியா?"

வீட்டைவிட்டுப் போகச் சொன்னாள். படையலுக்கு நிற்காமல் வந்துவிட்டேன்.

உன் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. நீ கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஒழுங்கை வீடுகள் முழுக்கக் கட்டுக்கட்டாய்ச் சும்மா கொடுத்தாயே, எத்தனை பிள்ளைகள் அதைத் தின்றன? அந்த வீடுகளின் கதவை இனி யார் தட்டிச் சொல்வது?

நான்தான் சொல்ல வேண்டும், சொல்வேன். உன் மகள் மறுபடி நட்டால் மறுபடி போய்ப் பிடுங்குவேன். படலையைப் பூட்டினால் இந்த வயதிலும் மதிலேறிக் குதிப்பேன். உன் பேரப்பிள்ளையின் வாய்க்குள் உன் தோட்டத்து இலை ஒன்று போக விடமாட்டேன், இது சத்தியம்.

உன்னை இன்னும் மன்னிக்காத,
உன் திவசச் சோறு தின்னாமல் நேற்றிலிருந்து பட்டினி கிடக்கிற,
அக்கா