விட்டுப்போன செவ்வாய்க்கிழமை

மார்ச் 5, வியாழன்

காலையில் சர்வர் ஹார்ட் டிஸ்க் உயிரை விட்டது. எங்கள் பல் மருத்துவமனையில் பல் செட் கட்டக் காத்திருக்கும் இருபது பேருடைய தாடை ஸ்கேனும் அதற்குள்தான். மேடம் முகம் வெளுத்துவிட்டது. நான் மட்டும் கெத்தாக நின்றேன். பேக்கப் எடுத்து வைப்பவள் நான்தானே! ஞாயிறு முழுப் பிரதி. பிறகு தினமும், முந்தின நாளிலிருந்து மாறியது மட்டும். இன்கிரிமென்டல் என்பார்கள். ஞாயிறு, திங்கள், புதன் என்று மளமளவென ஏற்றினேன். செவ்வாய்க் கோப்பு இத்துனூண்டு. அதில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது? விட்டுவிட்டேன். மதியத்துக்குள் எல்லாம் ஓடியது.

மார்ச் 6, வெள்ளி

எல்லோரையும் எனக்குக் கைதட்ட வைத்தார் மேடம். ஐயோ வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கடைசித் தட்டு வரை நின்று கேட்டேன்.

மார்ச் 9, திங்கள்

அந்த இருபது பேரில் ஒருவரான நாடகக்காரருக்குப் பல் செட் பொருத்திப் பார்த்தோம். மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஜென்ம விரோதிகள். 'ச' சொன்னால் விசில் வருகிறது. வெள்ளிக்கிழமை மேடை, அதுவும் ஆறு வருஷம் கழித்து. "முதல் வசனமே சபையோரேன்னுதான் ஆரம்பிக்குது மேடம்" என்றார், கிட்டத்தட்ட அழுகையோடு.

மேடம் எங்கள் டெக்னீஷியன் அண்ணனைப் பார்த்தார். செட்டைக் கடைசியாகத் தேய்த்து முடிப்பவர் அவர். முப்பது வருஷக் கை. "நீங்களாவது கவனிச்சிருக்கக் கூடாதா?" அண்ணன் செட்டைக் கண்ணருகே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "கண்ணு மங்குது போல மேடம்" என்றார்.

மார்ச் 10, செவ்வாய்

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அண்ணன் கூப்பிடுகிறார். "தங்கச்சி, இது நேரா இருக்கா பாரு." எல்லாமே நேராகத்தான் இருக்கிறது. மனசு கேட்காமல் நாடகக்காரர் கோப்பைத் திறந்தேன். கீழ்த்தாடை போன புதன்கிழமையது. மேல்தாடை பத்து நாள் பழசு. போன செவ்வாய் அண்ணன்தான் அதை அரை மில்லிமீட்டர் திருத்தியிருந்தார் — அந்தச் செவ்வாயில் மாறியது அது ஒன்றுதான். அதைத்தான் நான்... ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்கேன்!

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "யாருக்குத் தெரியப்போகுது? கமுக்கமா சரி பண்ணிடு." நியாயமாகத்தான் பட்டது. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 11, புதன்

அண்ணன் வரவில்லை. இனி வரப்போவதில்லை என்று காலையிலேயே சொல்லிவிட்டாராம். மேடம் வேறு ஆளுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே போய் எல்லாவற்றையும் கொட்டினேன். மேடம் போனைக் கீழே வைத்தார். "அவரை நீயே போய்க் கூட்டிட்டு வா." நாலு அறை விட்டிருந்தால் தேவலை.

திட்டு வாங்கத் தயாராகத்தான் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவரோ, "அப்போ என் கண்ணு நல்லாத்தான் இருக்கா?" என்றார். மறுபடியும் அதையே கேட்டார். "நல்லா இருக்குண்ணே, கோளாறு என் புத்தியிலதான்" என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் படியிறங்கினார்.

மார்ச் 12, வியாழன்

செவ்வாய்க் கோப்பிலிருந்து எடுத்த மேல்தாடையை வைத்துப் புதுச் செட். கச்சிதம்!

இன்று முதல் டிஃபரென்ஷியல். தினமும், ஞாயிற்றுக்குப் பிறகு மாறியது மொத்தத்தையும் சேர்த்து எடுப்பது. இடத்தை அடைக்கும். அடைக்கட்டும். திரும்ப ஏற்ற ஞாயிறு ஒன்று, கடைசி நாள் ஒன்று, இரண்டே போதும். என்னை மாதிரி அவசரக்குடுக்கைக்கு அதுதான் லாயக்கு. மாதம் ஒருமுறை ஏற்றியும் பார்க்க வேண்டுமாம், மேடம் உத்தரவு.

மார்ச் 13, வெள்ளி

நாடகம். 'ச' சுத்தமாக விழுந்தது. சந்தோஷத்தில் அண்ணனை இடிக்கத் திரும்பினால், மனிதர் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருக்கிறார். அண்ணி என் கையைப் பிடித்துத் தடுத்தார். "திங்கள்கிழமையிலேருந்து கண்ணே மூடலை. நேத்துதான் தூங்கவே ஆரம்பிச்சார். விடும்மா."

அரங்கமே கைதட்டியபோது நான் தட்டவில்லை. சத்தத்தில் விழித்துவிடுவாரோ என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.