மூடாமல் விட்ட செடி

2022 ஜூன் 24, வெள்ளி

இன்று காலை இருந்தவர்களைப் பேர் பேராக எழுதி வைக்கிறேன். நான், அம்புஜம். என் வீட்டுக்காரர் சென்னகேசவன், வாசல்படியில், கையில் பேப்பர், கண் தூக்கத்தில். என் மகள் சைதன்யா, கனடாவில் வின்னிபெக் என்ற ஊரிலிருந்து லீவுக்கு வந்தவள், பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு சுப்பண்ணன், காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம், கையில் கொக்கி வைத்த கம்பு, மஞ்சப்பை. வேறு யாரும் இல்லை. காற்றடித்து விழுந்தது என்று நாளைக்கு யாரும் கதை சொல்லக்கூடாது.

என் மஞ்சள் பூவைப் பறித்துவிட்டான்.

ஒரே பூ. அது குளிர்நாட்டுச் செடி. நாலு வருஷம் முன்னால் சைதன்யா கொண்டுவந்தது. குளிர்காலம் என்று ஒன்று வந்து போனால்தான் அதற்குப் பூக்கத் தோன்றும். கோயம்புத்தூரில், இந்தக் கணபதியில் ஏது குளிர்? மார்கழியில் வேரோடு பிடுங்கி, ஈரத்துணியில் சுற்றி, பிரிட்ஜில் காய் டப்பாவுக்குள் இரண்டு மாதம் வைப்பேன். "வெண்டைக்காய்க்கு எடமில்ல, வேருக்கு எடம்" என்று அவர் தினமும் சொல்வார். அப்படி வளர்த்துப் பூத்த பூ. டே லில்லி. விடிகாலையில் விரிந்தால் அன்றைக்கே அதன் ஆயுள் முடிந்தது.

அந்த மஞ்சளையும் என் சிவப்பையும் சேர்த்து விதை எடுக்க வேண்டும் என்பது எங்கள் திட்டம். சிவப்பு நான் ஏற்காட்டில் வாங்கி இருபது வருஷமாகப் பெருக்கியது. அது குளிர் தாங்காது. மஞ்சள் தாங்கும். இரண்டும் கலந்ததில் ஒன்றாவது வின்னிபெக் மண்ணில் நிற்காதா? பதினாலு வருஷமாக நான் கொடுத்தனுப்பிய எதுவும், கறிவேப்பிலை, முல்லை, செம்பருத்தி, எதுவும் அங்கே ஒரு குளிர்காலம் தாண்டியதில்லை. குளிர் தாங்குகிற லில்லி அங்கே கடையில் நிறையக் கிடைக்குமாம். கிடைக்கட்டும். அவள் வாசலில் என் கைச்செடி ஒன்று உயிரோடு இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கேட்டால், "சாமிக்குத்தானுங்க அம்மணி பறிச்சேன். என்ர ஊட்டுக்கா கொண்டுபோனேன்?" என்கிறான் சுப்பண்ணன். சாமிக்குப் பறித்தால் திருட்டில்லை என்று இந்த வீதியில் ஒரு சட்டம். இதற்கு முன் என் நந்தியாவட்டை, என் அரளி. ஒன்றும் மறக்கவில்லை.

முக்குப் பிள்ளையார் கோயிலுக்கு நேரே போனேன். பூ சாமி தலையில் இருந்தது.

"வெச்ச பூவ ஒடனே எடுக்கக்கூடாதுங்கம்மா" என்றார் பூசாரி.

"தீபாராதன முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுது."

"அப்ப அது பிரசாதந்தானுங்களே. குடுங்க."

கொடுத்தார். மஞ்சளில் காய் பிடிக்க வைப்பதாக இருந்தோம். அது இனி ஆகாது. ஆனால் மகரந்தம் அப்படியே இருந்தது. அதை என் சிவப்புப் பூக்களில் நடுவே நீண்டிருக்கும் நுனியில் தடவினோம். அம்மா ஆக வேண்டியது அப்பா ஆகிவிட்டது. "எதுவானா என்னங்மா, சேந்தாச் செரி" என்று சைதன்யா சிரித்தாள். அடையாளத்துக்கு மஞ்சள் நூல் கட்டினேன்.

சுப்பண்ணனுக்கு இன்று மோர் கொடுக்கவில்லை.

2022 ஜூலை 3, ஞாயிறு

மகள் போய்விட்டாள். தடவிய ஏழு பூவில் ஒன்றுதான் காய் பிடித்திருக்கிறது. ஆடிக் காற்று வேறு வரப்போகிறது. குச்சி நட்டுக் கட்டினேன்.

2022 ஆகஸ்ட் 27, சனி

காய் வெடித்தது. பப்பாளி விதை மாதிரிக் கறுப்பாக, பளபளவென்று. பத்து.

2022 அக்டோபர் 9, ஞாயிறு

விதையை யாரிடம் கொடுத்தனுப்புவது என்ற பேச்சு முடிந்தது. சம்பந்தியம்மாள்தான் போகிறாள். மாப்பிள்ளை ரவிக்குமாரின் அம்மா. ஈரோடு. பேர் நாகரத்தினம். மகன் வீட்டில் சில வருஷம் இருக்கப் போகிறாளாம்.

எனக்கு வேறு வழியில்லையா?

2007 தை மாதம். கொடுமுடியில் என் அம்மா படுத்த படுக்கை. சைதன்யாவைப் பள்ளிக்கூடம் சேரும்வரை வளர்த்தவள் என் அம்மாதான். பேத்தி கல்யாணமாகி ஈரோட்டில், ஒரு மணி நேரத் தூரத்தில். நான் போன் போட்டு, ஒரு நடை அனுப்புங்க என்று கெஞ்சினேன். நாகரத்தினம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எங்கண்ணன் பையனுக்கு நாளானைக்கு நிச்சயமுங்க. சாவு விழுகிற ஊட்டுக்குப் போயிட்டு வந்தா ஆகாதுங்க. முடிஞ்சதும் அனுப்பறேன்." அம்மா வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். மறுநாள் மத்தியானம் போய்விட்டாள். வளர்த்த பேத்தி பிணத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அவள் கையில்தான் இன்று விதைப் பொட்டலத்தைக் கொடுத்தேன். விதையில் நோயில்லை என்று முறைப்படி வாங்கிய சான்றையும் சேர்த்து. "பத்தரமா வெச்சுக்கறேனுங்க சம்பந்தி" என்றாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

2023 பிப்ரவரி 20, திங்கள்

ஆறு முளைத்திருக்கிறது. போட்டோ வந்தது. புல் மாதிரி இருக்கிறது. இதற்கா இத்தனை பாடு?

2023 ஜூன் 4, ஞாயிறு

வாசல் மண்ணில் நட்டுவிட்டார்கள். இனிமேல்தான் பரீட்சை என்கிறாள் சைதன்யா. குளிர் தாங்கும் செடியை உருவாக்குகிறவர்கள் குளிர்காலத்தில் எதையும் மூட மாட்டார்களாம். சாகிறது சாகட்டும், நிற்கிறதை வைத்துக்கொள்வோம் என்பதுதான் முறையாம். கேட்கக் கொடூரமாகத்தான் இருக்கிறது. ஆனால் நியாயம்.

2023 நவம்பர் 14, செவ்வாய்

என்ன செய்திருக்கிறாள் தெரியுமா அந்த ஈரோட்டுக்காரி? சைதன்யா வேலைக்குப் போன நேரம் பார்த்து ஆறு செடிக்கும் இலைதழையைக் குவித்து, மேலே தன் பழைய சுங்குடிச் சேலையைப் போட்டு, கல் வைத்துவிட்டாளாம். அதன்மேல் பனி விழுந்து எல்லாம் கட்டியாகிவிட்டது. இனி எடுக்க முடியாது.

"பச்சக் கொழந்தைங்களாட்டம் நிக்குதுங்க. எப்புடி விட்டுட்டு உள்ள போய்ப் படுக்கறது?" என்றாளாம்.

அடிப்பாவி. என் அம்மாவுக்கு வராத இரக்கம் புல்லுக்கு வருகிறதா?

2024 மே 6, திங்கள்

ஆறும் பிழைத்துவிட்டது. சைதன்யா சொல்கிறாள், "சந்தோசந்தான். ஆனா எது கெட்டின்னு தெரியாமப் போச்சுங்மா. ஒரு வருசம் வீண்." சத்தம் போட வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆறு பச்சையையும் பார்த்த பிறகு கோபம் நிற்கவில்லை. அவரிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

இந்தத் தடவை மூட மாட்டேன் என்று நாகரத்தினம் மருமகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

2024 டிசம்பர் 12, வியாழன்

காலை இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது போன். சைதன்யா என்று எடுத்தால் நாகரத்தினம். பதினேழு வருஷத்தில் அவளாக எனக்குப் போன் செய்தது இதுதான் முதல்.

"ஏனுங்க சம்பந்தி, மைனஸ் முப்பதுங்க. இந்த வருசம் பனியே சரியா உழுகல. பனி போர்த்துனாச் செடிக்குக் கதகதப்புங்க. இது வெறுங் குளிர். மண்ணு கல்லாட்டம் கெடக்குது. ஒரு சாக்காச்சும் போட்டு மூடட்டுங்களா?"

"சைதன்யா என்ன சொல்றா?"

"வேண்டாங்கறா. நீங்க சொன்னாக் கேப்பா."

"வேண்டாங்க."

"ஒரே ஒரு சேலைங்க."

"மூடுனா எது தாங்குச்சுன்னு எப்புடிங்க தெரியும்?"

"கல்லு மனசுங்க உங்களுக்கு" என்றாள்.

"ஆமாங்க" என்று வைத்துவிட்டேன். இட்லி ஒரு ஈடு குழைந்துபோனது.

மத்தியானம் முழுக்க யோசனை. அன்றைக்கு நான் கெஞ்சினேன், அவள் வேண்டாம் என்றாள். இன்று அவள் கெஞ்சினாள், நான் வேண்டாம் என்றேன். செடிக்காகத்தான் சொன்னேனா? பழசுக்காகவா? செடிக்காக என்று நூறு தடவை சொல்லிப் பார்த்தேன். சொல்லும்போதே உள்ளே ஒன்று இனித்தது. அந்த இனிப்பு எங்கிருந்து வந்தது?

அவள் வாக்கை மீறி மூடியிருக்கலாம். கேட்கவே வேண்டியதில்லை. கேட்டாள்.

2024 டிசம்பர் 13, வெள்ளி

சைதன்யா சொன்னாள்: அத்தை மூடவில்லை. ஆனால் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நாற்காலி போட்டு, அந்த ஆறு செடியையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம். படுக்கக் கூப்பிட்டதற்கு, "நீ போ கண்ணு, வாரேன்" என்றாளாம்.



2025 மே 5, திங்கள்

ஐந்து அழுகிவிட்டது.

ஒன்று வந்திருக்கிறது. கடைசியாக நின்ற ஒன்று. இரண்டு விரல் உயரம்.

சுப்பண்ணனிடம்கூடச் சொன்னேன். "பாத்தீங்களா அம்மணி, சாமி தலையில இருந்த பூவுங்க. சாகுமா?" என்கிறான், ஏதோ அவனே உண்டாக்கின மாதிரி. சரி, போகட்டும். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, உப்புக் கம்மி என்றான்.

2025 ஜூன் 8, ஞாயிறு

நாகரத்தினம் ஊர் திரும்பிவிட்டாள். இன்று கணபதிக்கு வந்தாள், தனியாக, ஈரோட்டிலிருந்து பஸ்ஸில். மஞ்சள் தூள் இரண்டு பொட்டலம் கொண்டுவந்தாள். மெலிந்துவிட்டாள். அவர் மரியாதைக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு மாடிக்குப் போனார்.

கொஞ்ச நேரம் செடிப் பேச்சு. பிறகு காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னைக்கு அனுப்பியிருக்கோணுங்க சம்பந்தி. நிச்சயம், நிச்சயம்னு நின்னேன். அந்தப் பையனும் பொண்டாட்டியும் இப்ப ஆளுக்கொரு ஊர்ல இருக்கறாங்க. எதுக்காக நின்னேன்னு அந்த ஜன்னல்கிட்ட உக்காந்து யோசிச்சுப் பாத்தேனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

பதினெட்டு வருஷமாக இந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன். வந்தால் என்ன சொல்வது என்று எத்தனை பதில் செய்து வைத்திருந்தேன். அவள் பொய்யாகக் கேட்கவில்லை, அது தெரிந்தது. ஆனாலும் என் அம்மா வாசலைப் பார்த்த பார்வை அப்படியே இருக்கிறது. அந்த வார்த்தையைக் காதால் கேட்க வேண்டியவள் அம்மா அல்லவா? அவள் சார்பில் நான் எப்படி "சரி" என்று சொல்வது?

"காபி ஆறுதுங்க, குடிங்க" என்றேன்.

குடித்தாள். காந்திபுரம் வரைக்கும் கூடவே ஆட்டோவில் போய் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்தேன்.

2025 ஜூலை 19, சனி

பூத்துவிட்டது.

வீடியோவில் காட்டினாள். என் சிவப்பு. உள்ளே தொண்டையில் அந்த மஞ்சள். அங்கே வெயில் சாய்கிற நேரம். சைதன்யா செடிக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்திருந்தாள், சின்னப் பிள்ளையில் உட்கார்வது போல. "அம்மா, உங்க செடி" என்றாள். அவர் போனை வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

புதுப் பூவுக்குப் பேர் பதிந்து வைக்க அங்கே ஒரு சங்கம் இருக்கிறதாம். 'அம்புஜம்' என்று வைக்கலாம் என்றாள்.

"வேண்டாம் கண்ணு. நாகரத்தினம்னு வெய்யி."

"அப்ப அத்தைய மன்னிச்சுட்டீங்களாங்மா?"

"பூவுக்குப் பேர் கேட்ட, சொன்னேன்."

யோசித்துத்தான் சொன்னேன். விதையைக் கொண்டுபோனவள் அவள். மூடாதே என்றதும் கை துறுதுறுக்க மூடாமல் உட்கார்ந்திருந்தவள் அவள். நான் இங்கே இட்லி ஊற்றிக்கொண்டு சொன்ன வார்த்தையை அங்கே அந்தக் குளிரில் தாங்கினவள் அவள். அதற்கு உரியதைக் கொடுத்துவிட்டேன். அந்த மண்ணில் அவள் பேரோடு என் செடி நிற்கட்டும், வருஷா வருஷம் பூக்கட்டும், சைதன்யா வாசலைத் திறக்கும்போதெல்லாம் பார்க்கட்டும்.

என் அம்மா கதை வேறு.

சுப்பண்ணனை மன்னித்தாயிற்று. மன்னிக்க முடியாதது ஒரே ஒருத்தியை. நாகரத்தினம்.