கிரேஸி ஊதாத விசில்

ஆம்பூர்
13-9-83

அன்பு மகன் சாந்தகுமாருக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் உன் தங்கை கிரேஸியும் சுகம், மஸ்கட் வெயிலில் நீயும் அப்படியே இருக்க தினமும் ஜெபிக்கிறோம். சுகம் என்று இன்றைக்கு எழுத முடிகிறதே, அதற்கே நூறு ஸ்தோத்திரம். சனிக்கிழமை சாயங்காலம் எழுதியிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். பயப்படாதே, எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

நீ அவளுக்குப் பரிந்து எழுதினாய் என்றுதான் நாயக்கனேரி மலையடிவாரத்தில் நடந்த சாரணியர் முகாமுக்கு அனுப்பினேன். அமிர்தவள்ளி டீச்சர் திசைகாட்டி பார்க்கவும், முடிச்சுப் போடவும், சுள்ளி பொறுக்கிக் கஞ்சி காய்ச்சவும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். வழி தவறினால் நின்ற இடத்தை விட்டு அசையாமல் மூன்று தடவை ஊத வேண்டும் என்று ஆளுக்கொரு விசிலும் கொடுத்திருக்கிறார். மத்தியானம் மூன்று மூன்று பேராகக் காட்டுக்குள் அனுப்பியபோது மழை பிடித்துக்கொண்டது. நம் வீட்டு மகாராணி, கூடப் படிக்கிற அஃப்ஸர் ஜஹானையும் இன்னொரு பெண்ணையும் இழுத்துக்கொண்டு வழியைத் தொலைத்துவிட்டாள். விசில் கழுத்திலேயே தொங்க, தோல் பதனிடுகிற ஷாப் வாடை வருகிறது, அப்படியானால் ஊர் அந்தப் பக்கம்தான் என்று மூக்கை நம்பி நடந்திருக்கிறாள். ஆம்பூரில் பிறந்த பிள்ளைக்கு வேறு எப்படிப் புத்தி போகும்! ஆனால் அந்த வாடை ஊரிலிருந்து வரவில்லை. தோலில் வழித்தெடுத்த ஜவ்வை, வஜ்ஜிரப் பசை காய்ச்சுவதற்காக ஊருக்கு வெகு தூரத்தில் ஒரு களத்தில் காயப்போடுகிறார்களாம், அங்கேயிருந்து வந்திருக்கிறது.

ஆறு மணி பஸ்ஸில் இறங்கிய மற்றப் பிள்ளைகள், டீச்சர் இவர்களைத் தேடிக்கொண்டு அங்கேயே இருக்கிறார் என்றதும் அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா நாலு ஆட்களோடு கிளம்பிப் போனார். உன்னையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. ஏழரை மணிக்கு, அந்தக் களத்தில் வேலை செய்கிற கோவிந்தம்மாள் என்பவர் மூன்று பேரையும் ஜவ்வு லாரியிலேயே கொண்டுவந்து இறக்கினார். “உங்க பொண்ணு அழுவக்கூட இல்லம்மா, சீக்கிரம் வூட்ல உடுங்கன்னு ஒரே பேஜார் பண்ணிடிச்சு” என்றார். கட்டிப்பிடித்து அழுததில் என் புடவையெல்லாம் அந்த நாற்றம்தான். அதைத் துவைக்கக்கூட அன்றைக்கு மனசு வரவில்லை.

மறுநாள், ஏன்டி விசில் ஊதவில்லை என்று கேட்டேன். “இருட்டறதுக்குள்ள வரலன்னா இனிமே வாசப்படி தாண்ட உடமாட்டேன்னு நீதானேம்மா சொன்னே, நின்னுட்டிருந்தா லேட்டாயிடாதா?” என்றாள். டீச்சர் படித்துப் படித்துச் சொன்னதையெல்லாம் என் ஒரே மிரட்டல் அழித்துவிட்டது. இனிமேல் எவ்வளவு நேரமானாலும் நின்ற இடத்திலேயே இரு, நான் வருவேன், ஒரு வார்த்தை திட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த முகாமுக்கும் கையெழுத்துப் போட்டாயிற்று.

உன்னை ரயில் ஏற்றும்போதும், பாதியில் திரும்பி வந்தால் ஊர் சிரிக்கும் என்று சொன்னேன் அல்லவா, அது இரண்டு நாளாக என்னை உறுத்துகிறது. உன் கடைசிக் கடிதங்கள் இரண்டும் இரண்டே வரி. அங்கே சரிப்படவில்லை என்றால் மறைக்காதே. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், நானும் அப்பாவும் ஸ்டேஷனில் நிற்போம். வேளைக்குச் சாப்பிடு, ஆராதனையை விடாதே. ஆண்டவர் உன்னை ஒரு குறையுமில்லாமல் வைத்திருப்பாராக. ஒரே வரியானாலும் உள்ளதை எழுது.

உன் அம்மா,
டோரதி ஐசக்